வரும் அஞ்சல், போகும் அஞ்சல்

2011 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை காலை, துனீசியாவின் ஷெப்பா ஊருக்குத் தெற்கே உள்ள மணல் கரையிலிருந்து முப்பத்தெட்டுப் பேருடன் ஒரு மரப்படகு இத்தாலியின் லாம்பெடூசா தீவை நோக்கிப் புறப்பட்டது.

அன்று என் கடையில் பிரிண்டர் மை தீர்ந்துபோயிருந்தது. மை வாங்க மாஹ்தியாவுக்குப் பஸ் ஏறிவிட்டேன். அதனால் படகு கிளம்பியதை நான் பார்க்கவில்லை. படகோடு எனக்கு என்ன தொடர்பு என்று போலீசார் மூன்று நாள் கேட்டார்கள். எந்தத் தொடர்பும் இல்லை. என் வேலை மெயில் மட்டும்தான்.

நீதிபதி அவர்களே, தொடக்கத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் பெயர் மொன்ஜி. வயது நாற்பத்து மூன்று. மணமாகவில்லை. ஷெப்பா தபால் நிலையத்துக்கு எதிரே பப்ளிநெட் நடத்துகிறேன்: ஆறு கம்ப்யூட்டர்கள், மணிக்கணக்கில் வாடகை. எங்கள் ஊரில் பாஸ்வேர்டு என்பது ரகசியமான பொருள் அல்ல. கணக்குத் திறந்து கொடுப்பது நான், பாஸ்வேர்டு போடுவது நான், ஞாபகம் வைத்துக்கொள்வதும் நான். மீன்வலை பழுதுபார்க்கும் லத்தீஃபா தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே கத்துவார்.

"டேய் மொன்ஜி, என் பாஸ்வேர்டு என்னடா?"

"உங்க ஆட்டுக்குட்டி பேரு. பின்னாடி நாலு ஒண்ணு."

"எந்தக் குட்டி? பெருநாளைக்கு அறுத்ததா, இப்ப இருக்கறதா?"

"அறுத்தது."

"அட பாவி, அத நீ மட்டும் இன்னும் உயிரோட வச்சிருக்கியா."

தெருவே சிரிக்கும். பிறகு தெருவிலுள்ள எல்லாருக்கும் லத்தீஃபாவின் பாஸ்வேர்டு தெரிந்திருக்கும். யாரும் அதைத் தவறாகப் பயன்படுத்தியதில்லை.

அந்தக் குளிர்காலத்தில், பிரான்ஸின் லியோன் நகரத்தில் வேலை செய்யும் ரௌதா தன் அம்மா மன்னூபியாவுக்குப் பழைய லேப்டாப் ஒன்றை அனுப்பியிருந்தாள். மன்னூபியாவுக்கு அறுபத்தொரு வயது. கணவர் இல்லை. வீட்டில் டெலிபோன் லைனும் இல்லை. மகன் வஜ்தி மட்டும் உடன் இருந்தான், இருபத்து மூன்று வயது. மன்னூபியா லேப்டாப்பைத் துண்டில் சுற்றி ரொட்டிக் கூடைக்குள் வைத்து என் கடைக்குத் தூக்கிவருவார். மேலே சூடான தபூனா ரொட்டி, அடியில் லேப்டாப். நான் அவரைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவேன். உறவு ஒன்றுமில்லை.

மெயில் புரோகிராமை முதல் தடவை திறக்கும்போது ஒரு பக்கம் வரும். வரும் அஞ்சலுக்கு எந்த சர்வர் என்று ஒரு கட்டம், போகும் அஞ்சலுக்கு எந்த சர்வர் என்று இன்னொரு கட்டம். தூரதேசத்தில் இருக்கும் மெயில் கம்பெனியின் சர்வர் பெயரை அங்கே போட வேண்டும். நான் இரண்டு கட்டத்திலும் என் கடை மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் பெயரைப் போட்டேன். அதில் கெட்ட எண்ணம் இல்லை. எங்கள் லைன் அவ்வளவு மெதுவானது. ரௌதா ஒரு போட்டோ அனுப்பினால் ஆறு கம்ப்யூட்டரும் நின்றுவிடும். ஆகவே மூலைக் கம்ப்யூட்டர் எல்லாருடைய அஞ்சலையும் காலையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளும். இறக்கிய பிறகு கம்பெனி சர்வரில் நகல் இருக்காது. இல்லாவிட்டால் இலவசக் கணக்குகள் நிரம்பிவிடும். அப்புறம் அவரவர் கம்ப்யூட்டர் மூலையிலிருந்து எடுத்துக்கொள்ளும். போகிற அஞ்சலும் அதே வழிதான்: முதலில் மூலைக்கு, அங்கிருந்து வெளியே. இருபத்திரண்டு வீடுகளுக்கு இப்படி அமைத்துக் கொடுத்தேன். ஒருவரும் குறை சொன்னதில்லை. "நீயே பாத்துக்க மொன்ஜி" என்பார்கள். நான் பார்த்துக்கொண்டேன்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு வஜ்தி வந்தான். படகில் போகிறவர்கள் கைபேசியை நம்ப முடியாது. தண்ணீர் பட்டால் போயிற்று, எண்களும் அதோடு போய்விடும். ஒரு தடித்த அட்டையில் அவன் அம்மாவின் மெயில் முகவரியை எழுதி, பிளாஸ்டிக் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அண்ணே, மீனுங்க வாசிக்கறதுக்கா இது?"

"மீனுக்கு ஃபிரெஞ்சு தெரியாது. சட்டைக்குள்ள வை."

"போய்ச் சேந்ததும் எழுதறேன். அம்மாக்கு நீதான் படிச்சுக் காட்டணும். படிக்கும்போது இப்ப வச்சிருக்கற மாதிரி எழவு வீட்டு மூஞ்சிய வச்சுக்காத, பயந்துடுவாங்க."

அவன் போனபின் படகு கரை சேர்ந்ததாகத் தகவல் இல்லை. முதலில் செய்தி வந்தது லத்தீஃபாவுக்கு. அவர் மகனும் அதே படகில்தான் போயிருந்தான். மார்ச் 30 அன்று லாம்பெடூசா முகாமிலிருந்து ஒரு தொண்டர் எழுதியிருந்தார், உங்கள் மகன் இங்கே நலமாக இருக்கிறான் என்று. நான்தான் உரக்கப் படித்தேன். அன்று மாலை லத்தீஃபா தெரு முழுவதற்கும் கூஸ்கூஸ் சமைத்துப் போட்டார். ஏப்ரல் 1 அன்று தொலைபேசியில் உறுதியாயிற்று: முகாமில் இருந்த பையன் ஸ்ஃபாக்ஸ் நகரத்தவன், வேறு படகு. பேரும் ஊரும் குழம்பிவிட்டதற்குத் தொண்டர் மன்னிப்புக் கேட்டார். லத்தீஃபா சுவரைப் பார்த்துப் படுத்தார். இன்றுவரை அவர் யாரோடும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. படித்தது என் வாய். அதை நான் மறக்கவில்லை.

மறுநாள் மன்னூபியா என் கடைக்கு வந்து, வழக்கமாக உட்கார்கிற நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது இது. இதை அப்படியே பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

"மொன்ஜி, அவளுக்கு வந்த மாதிரி சேதி எனக்கு வேண்டாம்டா. என் நெஞ்சு தாங்காது. உறுதியாத் தெரிஞ்சாச் சொல்லு. இல்லன்னா உன்னோடயே வச்சுக்க."

"சரி சின்னம்மா."

அவர் போனதும் மூலைக் கம்ப்யூட்டரில் ஒரு விதி சேர்த்தேன். மன்னூபியாவுக்கு இத்தாலியிலிருந்து வரும் அஞ்சல் நேரே போகாமல் ஒரு ஃபோல்டரில் நிற்கும். நான் படித்துப் பார்த்து அனுப்பினால்தான் அவருக்குப் போகும். ஒரு நிமிஷ வேலை.

ஏப்ரல் 4, திங்கட்கிழமை, சிசிலியில் ஒரு மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. அடையாளம் தெரியாத ஓர் இளைஞனை மீன்பிடிக் கப்பல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. தலையில் பலத்த அடி, நினைவு இல்லை. சட்டைக்குள் பிளாஸ்டிக் போட்ட அட்டை ஒன்று இருந்தது. அதில் இந்த முகவரி. இவரைத் தெரியுமானால் உடனே பதில் எழுதவும். கூடவே இரண்டு படங்கள். ஒன்று அந்த அட்டை. என் கையெழுத்து. மற்றது முகம்.

முகம் வீங்கியிருந்தது, பாதி கட்டுக்குள் இருந்தது. நான் நெடுநேரம் பார்த்தேன். அட்டை வஜ்தியுடையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அட்டையை வைத்திருப்பவன் வஜ்தி என்று அட்டை சொல்லாது. படகில் சட்டை கைமாறும். குளிரில் ஒருவர் சட்டையை இன்னொருவர் போட்டுக்கொள்வார்கள். உறுதியாகத் தெரிந்தால் சொல் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

வஜ்திக்குப் படகுக் கொக்கி கிழித்த தழும்பு உண்டே, அது படத்தில் இடது புருவத்தில் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது.

அன்று பத்து மணிக்கு மன்னூபியா வந்தார். மகன் போனதிலிருந்து அவர் என் எதிரில் எதையும் சாப்பிட்டதில்லை. அன்று ரொட்டியைப் பிய்த்து எனக்கொரு துண்டு கொடுத்துவிட்டு, தானும் ஒரு துண்டை ஹரிஸ்ஸா மிளகாய் விழுதில் தொட்டு வாயில் போட்டார். நான் தட்டச்சு செய்வதைப் பார்த்துச் சிரித்தார்.

"ரெண்டே விரல்ல இப்படிக் கொத்துறியே, கோழியாடா நீ?"

"பத்து விரல்லயும் கத்துக்கணும்னா காசு குடுத்துப் படிச்சிருக்கணும் சின்னம்மா."

"உங்கம்மா உன்னச் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டா."

என் அம்மா இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஷெப்பாவில் அவரைப் பற்றி என்னிடம் பேசுகிறவர் வேறு யாருமில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நாளை வந்தபோது, நேற்று ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு நாளைக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நீதிபதி அவர்களே, நீங்களும் இப்படி ஏதாவது ஒரு காரியத்தைத் தள்ளிப்போட்டிருப்பீர்கள். பதில் எழுதாத கடிதத்துக்கு நாளாக ஆக எழுதுவது கடினமாகிறது.

மருத்துவமனை ஏப்ரலில் மேலும் ஐந்து தடவை எழுதியது. தூதரகத்துக்கும் எழுதியதாக ஒரு கடிதத்தில் சொல்லியிருந்தார்கள். புரட்சி நடந்த அந்த வருஷம் எங்கள் நாட்டில் எந்த அலுவலகம் யாருக்குப் பதில் எழுதியது?

போகும் அஞ்சலைப் பற்றிக் கேட்டீர்கள். ரௌதா லியோனிலிருந்து சிசிலியில் உள்ள மருத்துவமனைகள், முகாம்கள், தேவாலயங்கள் என்று நாற்பத்தொரு முகவரிகளைத் தேடி அனுப்பியிருந்தாள். மன்னூபியா தினமும் ஒரு கடிதம் சொல்வார், நான் ஃபிரெஞ்சில் அடிப்பேன், வஜ்தியின் படத்தைச் சேர்ப்பேன். அவர் சொல்வது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மாறும். ஒரு நாள் அவனுக்கு வெங்காயம் ஆகாது என்று எழுதச் சொன்னார். இன்னொரு நாள், தூங்கும்போது போர்வையை உதைத்துவிடுவான், யாராவது பார்த்துப் போர்த்திவிடுங்கள் என்று. அனுப்பு என்ற பொத்தானை அவரே அழுத்துவார். நீலக் கோடு வலது ஓரம் வரை ஓடி முடியும்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு சின்னம்மா."

"கடலத் தாண்டியா?"

"தாண்டித்தான்."

"இது மட்டும் நனையாமப் போயிடுது பாரு."

அவருடைய லேப்டாப்பில் அது 'அனுப்பியவை' என்ற ஃபோல்டரில் இருக்கும். அவருடைய கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அனுப்பித்தான் ஆயிற்று. என் மூலையோடு அது நின்றது. அந்த நாற்பத்தொன்றில் ஒன்று அதே மருத்துவமனையின் முகவரி. அந்த ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை அனுப்பினால், மற்ற இடங்களிலிருந்து லத்தீஃபாவுக்கு வந்ததைப் போலப் பதில்கள் வரும். எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஒன்றை மட்டும் நிறுத்துவது எனக்கு நியாயமாகவும் படவில்லை.

மே 9 அன்று வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. நோயாளி கண்ணைத் திறந்திருக்கிறார். பேச்சு இல்லை, ஆனால் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்புகிறார். குடும்பத்தார் யாராவது தொலைபேசியில் பேசினால் காதோடு வைத்துப் பிடிக்கிறோம், அது பலன் தரக்கூடும் என்று எழுதி, வார்டின் எண்ணும் கொடுத்திருந்தார்கள்.

அறுபத்தொரு வயதுப் பெண்ணுக்கு விசா கிடைத்திருக்காது என்று முந்தைய விசாரணையில் சொன்னேன். தொலைபேசிக்கு விசா எதற்கு என்று நீங்கள் கேட்டீர்கள். சரியான கேள்வி. ஐந்து வாரம் ஆகியிருந்தது என்பதுதான் என் பதில். அந்தத் தொலைபேசியை நான் அவர் கையில் கொடுத்திருந்தால், அவர் முதலில் மகனோடு பேசுவார். பேசி முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

யாராவது அவனோடு பேசியாக வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. மறுநாள் மதியம் கடையைச் சாத்திவிட்டு நானே கூப்பிட்டேன். ஊர்க்காரன், நண்பன் என்றேன். பேர் சொல்லவில்லை. நர்ஸ் அவன் காதில் வைத்தார். மூச்சு கேட்டது. நான் சொன்னேன், "வஜ்தி, நான் மொன்ஜி அண்ணன் பேசறேன். அம்மா நல்லா இருக்காங்க. தெனமும் கடைக்கு வராங்க. நீ கவலப்படாத." நாலு நிமிஷம் இருக்கும். அவன் ஒரு சத்தம் கொடுத்தான். முதலில் இருமல் என்று நினைத்தேன். மறுபடியும் கொடுத்தான். 'யும்மா' என்றான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிடுவது அப்படித்தான். பின்னால் நர்ஸ் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. அவருக்கு எங்கள் மொழி தெரியாது. நான் வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிடவில்லை.

குடும்பத்தாரின் அழைப்புக்குக் காத்திருக்கிறோம் என்று மே 12 அன்றும், 20 அன்றும் எழுதினார்கள். ஜூன் 2: நுரையீரலில் தொற்று. ஜூன் 11: இறந்துவிட்டார். அதற்கடுத்து, முப்பது நாளுக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் நகராட்சி அடக்கம் செய்யும் என்று ஒன்று. கடைசியாக, ஜூலை 12: அடக்கம் ஆயிற்று, கல்லறை எண் 214. எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று கடிதங்கள். எதையும் அழிக்கவில்லை. தேதி வாரியாக வைத்திருந்து உங்கள் அதிகாரிகளிடம் ஒப்படைத்தேன்.

ஜூன் 11 அன்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. உறுதியாகத் தெரிந்தால் சொல் என்பதுதான் பேச்சு. ஆனால் அப்போது சொல்வதற்கு அவன் இறந்த செய்தி மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அதைக் கொண்டு அவர் என்ன செய்ய முடியும்? தினமும் பத்து மணிக்கு அவருக்குப் போக ஓர் இடம் இருந்தது, செய்ய ஒரு வேலை இருந்தது, பக்கத்தில் ஓர் ஆள் இருந்தான். ஜூன் கடைசியில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் சூப் வைத்துக் கொண்டுவந்தார். "என் பிள்ளைக்கும் அங்க யாராவது ஒருத்தி இப்படிச் செய்வா" என்றார். நான் குடித்தேன்.

ரமலானுக்கு ரௌதா வந்தாள். தன் மாமன் வீட்டுக்கு ஸ்ஃபாக்ஸ் போனபோது அம்மாவின் லேப்டாப்பையும் எடுத்துப் போயிருக்கிறாள். அங்கே மெயில் புரோகிராம் சர்வரைக் காணோம் என்றது. அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். இரண்டு கட்டத்திலும் என் மூலைக் கம்ப்யூட்டரின் பெயர். அவளுக்கு அதில் பெரிய சந்தேகம் எதுவும் வரவில்லையாம். சோம்பேறித்தனமான அமைப்பு என்று மட்டும் நினைத்தாளாம். பிறகு 'அனுப்பியவை'யில் இருந்த கடிதங்களையெல்லாம் பார்த்தாள். ஒன்றுக்குக்கூட, கிடைத்தது என்ற இயந்திரப் பதில்கூட இல்லை என்பது அவளுக்கு உறுத்தியது. அவற்றில் ஒன்றைத் தன் சொந்த முகவரியிலிருந்து எல்லா இடங்களுக்கும் அனுப்பினாள். இரண்டு மணி நேரத்தில் அந்த மருத்துவமனை பதில் எழுதிவிட்டது. 'உங்களுக்குப் பதின்மூன்று முறை எழுதினோம், மேடம்' என்று தொடங்கியது அது.

மறுநாள் இருவரும் கடைக்கு வந்தார்கள். வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ரௌதா சத்தம் போடவில்லை.

"மூலையில இருக்கே, அதத் திற."

திறந்தேன். அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை, தேதிகளை மட்டும் சொன்னாள். ஏப்ரல் நாலு. ஏப்ரல் ஏழு. மன்னூபியா ஒவ்வொரு தேதிக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். கணக்குப் போடுகிறவரைப் போல இருந்தது. அந்தந்த நாளில் என்னிடம் என்ன கடிதம் சொன்னோம் என்று யோசித்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

மே 9-க்கு வந்தபோது ரௌதா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "யாரோ ஒரு ஆம்பள கூப்டான்னு அடுத்த கடிதத்துல இருக்கு. நீயா?"

"ஆமா."

மன்னூபியா அப்போதுதான் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"ஏதாவது சத்தம் குடுத்தானாடா?"

"இல்ல சின்னம்மா. தூங்கிட்டிருந்தான்."

"தூங்கிட்டா இருந்தான்?"

"நல்ல தூக்கம்."

அவர் தலையை ஆட்டினார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அன்று மாலையே ரௌதா புகார் கொடுத்தாள். நான் ஓடவில்லை, ஒளியவில்லை.

செப்டம்பரில் மன்னூபியாவுக்கு எட்டு நாள் விசா கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். கல்லறையில் பெயர் போட அனுமதித்திருக்கிறார்கள். ஷெப்பா வீடு பூட்டிக்கிடக்கிறது. இப்போது ரௌதாவோடு லியோனில் இருக்கிறார்.

பிறருடைய கடிதங்களைத் தடுத்த குற்றத்தை முழுவதுமாக ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாக்குமூலத்தின் நகல் மன்னூபியாவுக்குப் போகும் என்று எழுத்தர் சொன்னார். தொலைபேசியில் நான் கேட்ட அந்தச் சத்தத்தைப் பற்றிய வரிகளை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புங்கள். அவர் நெஞ்சு தாங்காது. அவரை எனக்குத் தெரியும்.

எழுத்தர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி முடியாது என்றார். நகல் முழுதாக வியாழக்கிழமை தபாலில் போயிற்று.